முர்ரே ஆற்று மீன்கள்: நம்பியதும் தெரியவந்ததும்

மீன் ஆற்றை எதிர்த்து ஏறுகிறது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சால்மன்தான். அருவிக்கு எதிராகத் துள்ளி எழும் அந்த மீனைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. எல்லா மீனும் அப்படித்தான் ஏறும் என்ற எண்ணம், ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளை வீணடித்தது.

முர்ரே, டார்லிங் ஆறுகள் சேர்ந்த வடிநிலம் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. முர்ரே மட்டுமே சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது. படகுப் போக்குவரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் 1922 முதல் அதன் குறுக்கே தடுப்பணைகள் வரிசையாக எழுந்தன. 1936-இல் ஹ்யூம் அணை கட்டி முடிந்தது. 1940-இல் முகத்துவாரமும் தடுப்பணைகளால் அடைபட்டது. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் இருந்த நாட்டு மீன்களில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்று 2003-இல் வெளியான நாட்டு மீன் மீட்புத் திட்டம் மதிப்பிட்டது. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. மீன்களின் போக்குவரத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்கும் அதில் பங்குண்டு.

நம்பிக்கை: அணையில் படி கட்டிவிட்டால் மீன் ஏறிவிடும்

1930-களில் இரண்டு தடுப்பணைகளில் மீன்வழி கட்டினார்கள். வடிவம் வட அரைக்கோளத்து சால்மனுக்கானது. செங்குத்தாகவும் நீரின் வேகம் கூடுதலாகவும் இருந்தது. கோல்டன் பெர்ச், சில்வர் பெர்ச் போன்ற முர்ரே மீன்களுக்குத் துள்ளி ஏறும் பழக்கம் கிடையாது. அவ்வளவு வேகத்தை எதிர்த்து நீந்தும் வலுவும் இல்லை. படி இருந்தது, ஏறத்தான் முடியவில்லை.

உள்ளூர் மீன் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை மார்ட்டின் மாலன்-கூப்பர் போன்ற ஆய்வாளர்கள் சோதனைத் தொட்டிகளில் அளந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்த அளவுகளை வைத்து 1991-இல் டொரம்பரி தடுப்பணையில் வேறு வகை மீன்வழி அமைந்தது. சிறு சிறு தொட்டிகளின் வரிசை அது. ஒவ்வொரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே, மேலிருந்து அடிவரை நீளும் ஒரு குறுகிய பிளவு. மீன் ஒரு மூச்சில் பிளவைக் கடக்கும், தொட்டியின் ஓரத்தில் இளைப்பாறும், பிறகு அடுத்த பிளவு. பிளவு அடிவரை இருப்பதால் ஆற்று மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் வழி அடைபடாது. நீர்மட்டம் இவ்வளவு மாறும் ஓர் ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. 2001-இல் தொடங்கிய திட்டத்தில் கடல்வாயிலிலிருந்து ஹ்யூம் அணைவரை 2,225 கிலோமீட்டருக்கும் இத்தகைய வழிகளைத் திறந்தார்கள். அந்த வேலை பத்தாண்டுகளைத் தாண்டியது.

நம்பிக்கை: பெரிய மீன்தான் போகும், அதுவும் முட்டையிடத்தான்

டொரம்பரியில் ஏறிவந்த மீன்களைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குப் பெரும் வியப்பு காத்திருந்தது. வந்த பெர்ச் மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடும் பருவத்தை எட்டாதவை. காரணம் எளியது. கோல்டன் பெர்ச்சின் முட்டைகள் நீரில் மிதந்தபடியே இறங்கும். பொரிந்த குஞ்சுகளையும் நீரோட்டம் வெகுதூரம் கொண்டுபோய்விடும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் மேல்நோக்கித் திரும்புகின்றன. விரல் நீளம்கூட இல்லாத சிறு மீன் இனங்களும் தடுப்பணைகளின் கீழே கூட்டமாக வந்து முட்டிக்கொண்டிருந்தது பின்னர் தெரிந்தது. அவற்றுக்காகவே புதிய மீன்வழிகளின் சரிவை இன்னும் குறைக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: முர்ரே காட் இருந்த இடத்தை விட்டு அசையாது

நூறு கிலோவைத் தாண்டி வளரக்கூடிய முர்ரே காட், மூழ்கிய மரக்கட்டையின் நிழலில் படுத்துக் கிடக்கும் மீன். தூண்டில்காரர்கள் அதை அடிக்கடி அதே இடத்தில் பிடித்ததால் இந்த நம்பிக்கை வலுத்தது. பாதி உண்மைதான். 1990-களில் முல்வாலா நீர்த்தேக்கப் பகுதியில் காட் மீன்களுக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். வசந்தகால இனப்பெருக்கத்துக்கு முன் சில மீன்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றை எதிர்த்துச் சென்றன. முட்டையிடும் பருவம் முடிந்ததும் பல மீன்கள் விரைவாக இறங்கிப் பழைய இடத்துக்கே, சில நேரம் பழைய மரக்கட்டைக்கே வந்து சேர்ந்தன. படகுகளுக்கு இடைஞ்சல் என்று பல பத்தாண்டுகள் ஆற்றிலிருந்து வாரி எறிந்த மரங்கள் இந்த மீன்களின் வீடுகள். பின்னர் மரங்களை ஆயிரக்கணக்கில் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

நம்பிக்கை: வெள்ளம் வந்தால்தான் இனம் பெருகும்

வெள்ளம் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் கரை மீறாமல் ஆற்றுக்குள்ளேயே நீர் உயரும்போதும் கோல்டன் பெர்ச் முட்டையிடுவது பதிவாகியிருக்கிறது. காட், வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் வசந்தத்தில் முட்டையிடுகிறது.

நம்பிக்கை: வில்லை மாட்டினால் பயணம் முழுவதும் தெரிந்துவிடும்

எண் பொறித்த வில்லையை முதுகில் செருகி விடுவது பழைய முறை. 1970-களின் பெருவெள்ளத்தில் தடுப்பணைகள் மூழ்கிக் கிடந்தபோது, இப்படி விடப்பட்ட ஒரு கோல்டன் பெர்ச் 2,300 கிலோமீட்டர் மேலே போனது பதிவானது. ஆற்று மீன் ஒன்றால் இவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டியது அந்த வில்லைதான். ஆனால் விட்ட இடமும் பிடிபட்ட இடமும்தான் அதில் தெரியும். இடையில் எங்கே நின்றது, எதில் முட்டித் திரும்பியது என்பது தெரியாது. யாரும் பிடித்துத் தகவல் தராவிட்டால் ஒன்றுமே தெரியாது.

அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது பிட் டேக். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி அது. பேட்டரி கிடையாது. மீனை மயக்கி உடலுக்குள் செலுத்துகிறார்கள். மீன்வழியின் பிளவைச் சுற்றியிருக்கும் ஆன்டெனாவை மீன் கடக்கும்போது, ஆன்டெனாவின் ஆற்றலே குப்பியை எழுப்பி அதன் எண்ணைச் சொல்ல வைக்கிறது. எந்த மீன், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பதிவாகும். மீனின் ஆயுள் முழுக்க அது வேலை செய்யும்.

ஆனால் மீன் பிறந்த இடத்தைச் சொல்வது அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக வளரும் கல் அது. ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஸ்ட்ரான்சியம் அந்தந்த அடுக்கில் படிகிறது. பாறைக்குப் பாறை ஸ்ட்ரான்சியத்தின் தன்மை வேறு. எனவே டார்லிங் நீரின் அடையாளமும் முர்ரே நீரின் அடையாளமும் வேறு. கல்லை அறுத்து நடுவிலிருந்து விளிம்புவரை லேசரால் படித்தபோது, கீழ் முர்ரேயில் பிடிபட்ட கோல்டன் பெர்ச்களில் ஒரு பகுதி டார்லிங்கில் பிறந்தவை என்று தெரிந்தது. டார்லிங் கரையின் மெனிண்டி ஏரிகள் அவற்றுக்கு நாற்றங்கால். 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் அதே மெனிண்டியில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் மீண்டும் அதே கொடுமை. அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உள்ளூர் விபத்து இல்லை. அங்கே நாற்றங்கால் அழிந்தால் பல நூறு கிலோமீட்டருக்குக் கீழே தெற்கு ஆஸ்திரேலியாவில் மீன் குறையும்.

நம்பிக்கை: ஏற வழிவிட்டால் போதும், இறங்குவது தானாக நடக்கும்

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இது. ஷட்டரை உயர்த்தி அடியில் தண்ணீர் விடும் மதகுகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அழுத்தத்தில் பீறிடும் நீரில் சிக்கிய முர்ரே காட் குஞ்சுகளில் சுமார் பாதி இறந்தன. கோல்டன் பெர்ச் குஞ்சுகளில் பிழைத்தவை மிகச் சில. தண்ணீர் மேலே வழிந்து விழும் அமைப்பில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. மேலே ஏறும் மீனுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து வழி செய்துவிட்டு, அதன் குஞ்சுகளை மதகின் அடியில் நசுங்க விடுவதில் பொருளே இல்லை. தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதையும் மாற்ற வேண்டும்.

எந்த நாட்டிலும் எந்த அணைத் திட்டத்திலும் ‘மீன் ஏணி உண்டு’ என்ற வரியைப் படித்தால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்த ஏணி எந்த மீனின் நீச்சலை அளந்து கட்டப்பட்டது, இறங்கிவரும் குஞ்சுக்கு வழி எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த ஏணி மீனுக்காகக் கட்டியது இல்லை.