பட்டினி கிடந்தும் காலையில் சுகர் ஏன் ஏறுகிறது?

நம்பிக்கை: இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டால் காலையில் பாஸ்டிங் சுகர் இறங்கிவிடும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறவர்கள் காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் இதைக் கேட்டுவிடலாம். "ராத்திரி வெறும் மோரோட படுத்துட்டேன் சார், காலையில 170 காட்டுது. ஒண்ணு மெஷின் கோளாறு, இல்லன்னா மாத்திரை போலி." கூட நடப்பவர் உடனே வைத்தியராகிவிடுவார்: "அந்த மோரையும் விட்டுப் பாருங்க." எத்தனை நாள்தான் இதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் நடப்பது? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாலில் ஒருவருக்கு நோய் உள்ள ஊரில் தப்பான யோசனைக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

மெஷின் கோளாறும் இல்லை, மாத்திரை போலியும் இல்லை. காலையில் தெரிகிற அந்தச் சர்க்கரை கல்லீரலிலிருந்து வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அவ்வளவையும் தின்றுவிடும். ஆகவே நாம் தூங்கும்போது 60 கிலோ எடையுள்ளவரின் கல்லீரல் மணிக்கு 7 கிராம் வாக்கில் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விடாவிட்டால் காலையில் எழுந்திருக்கவே மாட்டோம். "விடு" என்பது கணையத்தில் சுரக்கும் குளுகாகான். "போதும்" என்பது அதே கணையத்தின் இன்சுலின். நீரிழிவில் இன்சுலின் போதாது, அல்லது இருக்கிற இன்சுலினுக்குக் கல்லீரல் கட்டுப்படுவதில்லை. குளுகாகானோ அடங்க வேண்டிய நேரத்திலும் அடங்குவதில்லை. பட்டினி போட்டால் குளுகாகான் இன்னும் ஏறும். மோரை நிறுத்தச் சொன்னவருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இதோடு முடியவில்லை. தூக்கத்தில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனின் விளைவு அதிகாலையில் தெரியத் தொடங்கும். மூன்று மணி வாக்கில் கார்டிசாலும் ஏற ஆரம்பிக்கும். இரண்டும் இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடுகிறது. நீரிழிவுக்காரருக்கு அந்தக் கூடுதல் கிடைப்பதில்லை.

பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளேவுக்குக் கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம். அதே பிரான்சில் பிறந்த உடலியல் அறிஞர் கிளாட் பெர்னாரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1855இல், இறைச்சி மட்டுமே தின்ற ஒரு நாயின் கல்லீரலை எடுத்து, அதன் ரத்தக்குழாய்கள் வழியே தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரை துளியும் இல்லாமல் அலசினார். மறுநாள் சோதித்தால் அதில் மறுபடி சர்க்கரை! எதுவும் உள்ளே போகாமலே கல்லீரல் சர்க்கரை தரும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. பின்னால் அர்ஜென்டினாவின் பெர்னார்தோ ஹூசே, கணையம் நீக்கிய நாய்களுக்கு, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரியையும் நீக்கினால் நீரிழிவு தணிவதைக் காட்டி, 1947இல் நோபல் பரிசு பெற்றார். இன்சுலின் குறைவது மட்டுமல்ல, அதன் எதிராளிகளும் நோயில் பங்காளிகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரவுப் பட்டினி யோசனை வெறும் அறியாமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது ஆளைக் கொல்லும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல், கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் நடுராத்திரியில் லோ சுகர். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அட்ரினலின் அடிக்கும் மணி. சாராயக்கடைக்கும் பாருக்கும் பஞ்சமில்லாத நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மதுவைக் கரைக்கும் வேலையில் இறங்கிய கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதை நிறுத்திவிடும். மாத்திரை, மது, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் குளறிப் பேசுகிறவரைப் பார்த்து "போதை, தூங்கட்டும்" என்று வீட்டார் போர்த்திவிடுவார்கள். அவருக்கு அப்போது தேவை சர்க்கரை. விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

இரவில் அளவாக, நேரத்தோடு சாப்பிடுங்கள். காலை அளவு இறங்கவில்லையென்றால் டாக்டர் சொல்கிறபடி ஓரிரு நாள் மூன்று மணிக்கு எழுந்து சோதித்துக் குறித்துக் காட்டுங்கள். "சாப்பிடவேயில்லை, மெட்ஃபார்மின் எதற்கு?" என்று கேட்காதீர்கள். அது முக்கியமாகக் கல்லீரலின் கையைக் கட்டத்தான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. இன்சுலின் ஊசி போட்டால் கிட்னி போகுமா? கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்கில் அடங்காத சர்க்கரை. கெட்டபின் ஊசிக்கு வருகிறவர்கள் பழியை ஊசிமேல் போடுகிறார்கள். பாகற்காய்ச் சாறு? பாகற்காய் நல்ல காய், பொரியல் செய்து சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். டென்ஷனால் சுகர் ஏறுமா? ஏறும். காய்ச்சலிலும் ஏறும். கார்டிசாலும் அட்ரினலினும் செய்யும் வேலை அது.

கார்டிசால் என்றதும் என் பழைய எரிச்சல் கிளம்புகிறது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் எல்லாம் கார்டிசாலின் பலசாலி உறவினர்கள். "உடனே வலி போகும்" என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் இவற்றைக் கலப்பதுண்டு. காலையில் ஒரு பிரெட்னிசோலோன் போட்டால் சுகர் எகிறுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல். பாஸ்டிங் மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது. அப்படி எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சோதியுங்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்தக் கார்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.