உரிமம் வாங்கி வந்த இரும்புக்கை

ரயிலே வராத குண்டலுபேட்டையில் ஒரு ரயில்வேக்காரன் குடியிருப்பது வேடிக்கைதான். ஆனாலும் இன்றைய பாடத்தை ரயில் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1955-இல் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை தொடங்கியபோது, பெட்டியின் வரைபடம் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியுடையது. அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நம்மவர்கள் பெட்டி கட்டினார்கள். வரைபடம் அவர்களுடையது, உழைப்பு நம்முடையது. கதைப் புத்தகங்களிலும் இதே முறை உண்டு. உரிமம் என்பார்கள், பேச்சு வழக்கில் லைசென்ஸ். கதைக்கு உரியவரிடம் பணம் கட்டி, இந்த மொழியில், இத்தனை காலத்துக்கு வெளியிட்டுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்குவது.

தொலைக்காட்சிக் கதைகளில் இதற்குப் பெரிய உதாரணம் லண்டனில் இருக்கிறது. பி.பி.சி.யில் 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் கற்பனைத் தொடரின் கதைகளை, 1973 முதல் 'டார்கெட்' என்ற பெயரில் சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். டெரன்ஸ் டிக்ஸ் என்பவர் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். அப்போது வீடுகளில் வீடியோ கேசட் கிடையாது. ஒளிபரப்பில் தவறவிட்ட கதையைப் பிடிக்கப் புத்தகம்தான் வழி. இன்னொன்றும் நடந்தது. 60-களின் ஒளிநாடாக்கள் பலவற்றை பி.பி.சி.யே அழித்துவிட்டது. அப்படிப் போனவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. படம் போனது, புத்தகம் நின்றது.

ஆனால் உரிமம் என்பது வாடகை வீடு மாதிரி. டார்கெட் பின்னர் வர்ஜின் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அவர்கள் 1991 முதல் தொலைக்காட்சியில் வராத புதுக் கதைகளையும் எழுதவைத்து வெளியிட்டார்கள். நன்றாகத்தான் நடந்தது. பி.பி.சி. உரிமத்தைப் புதுப்பிக்காமல், 1997 முதல் தன் பெயரிலேயே நாவல்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டால் காலி செய்யத்தானே வேண்டும்?

தமிழில் பெரும்பாலும் திசை வேறு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' முதலில் ஆனந்த விகடனில் தொடர்கதை. அதன் பிறகுதான் தூர்தர்ஷனில் நாடகம். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நம் ஜனங்கள் படித்துவிட்டுத்தான் பார்த்தார்கள். எனக்கு இந்த வரிசைதான் சரி என்று படுகிறது.

வெளிநாட்டு உரிமம் வாங்கித் தமிழில் நிலைத்தவர்கள் யார் என்றால், சிவகாசிக்காரர்கள். எம். சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலம் தொலைக்காட்சி அல்ல, 1962-இல் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய படக்கதை. கதையின் முதல் ஆசிரியர் கென் பல்மர் ஆங்கிலேயர். படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டுக்காரர். படித்ததோ நம் மதுரையும் திருச்சியும் சேலமும்! ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவருக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். (பிள்ளைகளே, 25,000 வோல்ட் ரயில் கம்பியின் கீழ் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: மின்சாரம் பாய்ந்து மாயமானவர் எவரும் இல்லை. பிளக்கில் விரல் வைக்காதீர்கள்.)

சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பின்னாளில் இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பிரெஞ்சு மொழியின் லக்கி லூக் எல்லாம் உரிமத்தோடு தமிழ் பேசினார்கள். முத்து காமிக்ஸ் 2022-இல் பொன்விழாக் கண்டது.

இதில் மொழிபெயர்ப்பாளர் படும் பாடு தனி. பாத்திரத்தின் தலைக்கு மேல் இருக்கும் பேச்சுக் குமிழியின் அளவு மாறாது. ஆங்கிலத்தில் நான்கு சொல் இருந்த இடத்தில் தமிழை அடக்கவேண்டும். நம் சொற்களோ நீளம். ஆகவே வாக்கியம் சுருங்கி, வீட்டுப் பேச்சுக்கு அருகில் வந்துவிடும்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இங்கே நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடம் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் முகம் மாறுகிறது. கன்னடத்தில் ப, ப்ஹ, ப, ப்ஹ என்று நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து. (பார்த்தீர்களா, வித்தியாசத்தைத் தமிழில் எழுதிக் காட்டவே முடியவில்லை!) நமக்கு ஒரே 'ப'. 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப' ஒரு விதம், இரண்டாவது 'ப' வேறு விதம். கன்னடம் படித்த பிள்ளை "இது எந்த ப, தாத்தா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். விதியைச் சொன்னால் தூக்கம் வருகிறது. படத்தில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க, எதிரே இருப்பவன் "தம்பி, பொறு!" என்றால், எந்த ஒலி என்று பிள்ளைக்குத் தானே தெரிந்துவிடுகிறது. சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறதல்லவா? எழுத்து அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அ, ஆ வாய்ப்பாட்டைவிட இது வேகமாக வேலை செய்கிறது என்பது என் பேரப்பிள்ளைகளிடம் கண்டது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய இதழ்களை யாரோ படமெடுத்துச் செல்பேசியில் அனுப்புகிறார்கள். இலவசம்தானே என்று வாங்கிக்கொள்கிறோம். வெளியிடுபவர் உரிமத்துக்குக் கட்டிய தொகை விற்பனையிலிருந்துதான் திரும்ப வேண்டும். தமிழில் வாங்குவோர் எண்ணிக்கை சிறிதாகப் போனால், அடுத்த கதைக்கு உரிமம் வாங்க அவரிடம் என்ன இருக்கும்? கோவைப் பக்கம் போகிறவர்கள் புதிய இதழ் இரண்டு வாங்கி வாருங்கள். வீட்டில் பழையது இருந்தால் எடைக்குப் போடாமல் சங்கத்து அலமாரிக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: உங்களிடம் இருக்கும் ஏதாவது ஒரு படக்கதையின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். கதை எழுதியவர், படம் வரைந்தவர், உரிமைக்காரர், தமிழில் வெளியிட்டவர், அச்சான ஊர் என்று கிடைப்பதையெல்லாம் தமிழிலேயே எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை. பெரியவர்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது.