உடம்பு நன்றாயிருக்கும்போதே பார்க்க வேண்டிய கணக்கு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில், டைம் ஆபீஸில் வருகைப் பதிவும் இ.எஸ்.ஐ. கணக்கும் பார்ப்பது என் வேலை. யார்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது: “யக்கா, மாசாமாசம் சம்பளத்துல பிடிக்காவ. காய்ச்சல்ல படுத்தா மட்டும் ஒண்ணும் தர மாட்டேங்காவ.” அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தருவதற்குச் சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. வாங்கும் வழியைத்தான் யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை.

துறைமுகத்தின் நிரந்தர ஊழியருக்கு லீவு விதியும் ஆஸ்பத்திரியும் தனி. நம்மைப் போன்றவர்களுக்கு இருப்பது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீடு. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருகிறார்கள். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நம்மிடம் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம், 488 ரூபாய் போடுவார். இரண்டும் ஒரு பொது நிதிக்குப் போகிறது. நாம் படுக்கும்போது சம்பளத்துக்குப் பதிலாகப் பணம் தருவது முதலாளி அல்ல, அந்த நிதி. முதலாளி முகம் சுளிப்பாரோ என்று தயங்கவே வேண்டியதில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் வேலை பார்த்த நாட்கள், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்குக் கைகொடுக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை பார்த்தது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. அந்த ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாள் கூலி 500 என்றால் 350 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முதன்முதலாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு நோய்க்கால உதவித்தொகை தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும். வைத்தியம் மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்க்கு, இரண்டு வருஷம் வேலையில் இருந்து அதில் 156 நாள் சந்தாவும் இருந்தால், 80 சதவீதம் வரை நீட்டித்துத் தருகிறார்கள்.

இந்த 78-இல்தான் பலர் மனசு உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல உழைப்பாளி ஒருவர், ஆறு மாதம் மழை வெயில் பார்க்காமல் லாஷிங், அதாவது கண்டெய்னரைக் கட்டும் வேலை செய்தவர், மஞ்சள் காமாலையில் படுத்தார். காண்ட்ராக்டர் கணக்கில் காட்டியிருந்தது அறுபது சொச்சம் நாள்தான். எங்கள் யார்டு மஸ்டரில் அவர் பெயருக்கு நேரே கையெழுத்து வரிசையாக இருந்தது. அதன் நகலை வைத்துத்தான் மீதி நாளை ஏற்ற வைத்தோம். பணம் வந்து சேர்வதற்குள் அவர் மனைவி கம்மலை அடகு வைத்துவிட்டார். நகல் இல்லாதிருந்தால் அந்தப் பணமும் வந்திருக்காது. அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது, சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டே தராத இடமாக இருந்தால், வேலைக்குப் போன நாளை வீட்டு காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று ஐ.பி. நம்பர், அதாவது உங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண். காண்ட்ராக்டர் மாறும்போது புது நம்பர் போட்டுவிடுகிறார்கள். பழைய நாட்கள் பழைய நம்பரிலேயே நின்றுவிடும். பத்து இலக்க நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான். புது இடத்தில் சேரும் முதல் நாளே அதைக் கொடுங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்தவுடன் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும். பக்கத்துத் தெரு டாக்டர் சீட்டு போதாது. அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், டிஸ்சார்ஜ் தாளோடு உடனே டிஸ்பென்சரி டாக்டரைப் பாருங்கள். வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு: 78 நாள் நிபந்தனை இல்லை, சேர்ந்த முதல் நாளிலிருந்தே 90 சதவீதம். அதற்கு விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வைக்க வேண்டும். “சின்னக் காயந்தானே, பெறவு பாத்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் சொன்னாலும் விடாதீர்கள்.

பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம், முழுக்கூலி. முந்தைய இரண்டு சந்தாக் காலத்திலும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் உண்டு. பலர் கூச்சப்பட்டு இதைக் கேட்பதே இல்லை. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது இந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை போனது. இந்த உதவியை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பதும் சட்டம்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, கூட இருக்க எனக்குச் சம்பளத்தோடு ஒரு நாளும் கிடைக்கவில்லை. குடும்பத்தாருக்கு மருந்து தரும் இ.எஸ்.ஐ., அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு எதுவும் தருவதில்லை. குழந்தை பிறந்த தகப்பனுக்கும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2004-இலேயே, தொழிலாளர் சந்தாவை வைத்தே, இந்த இரண்டுக்கும் பணத்தோடு விடுப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டது. நாமும் சந்தா கட்டுகிறோம். நமக்கு ஏன் முடியாது?

இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் உப்பளத்துப் பெண்களையும் கடலுக்குப் போகிறவர்களையும் நினைத்தால் இன்னும் வேதனை. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய், மீனவருக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு 8,000. பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000. ஆனால் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போனது போனதுதான். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து ஞாயிறு விடுமுறையை வாங்கிய ஊர் இது. நோய்க்கும் பராமரிப்புக்கும் எல்லாத் தொழிலாளிக்கும் விடுப்பு வேண்டும் என்று கேட்க இந்த ஊருக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை கையில் இருப்பதை இழக்காதீர்கள். இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ உமங் செயலியிலோ உங்கள் நம்பரைப் போட்டு, நடப்பு ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். குறைந்திருந்தால் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளிதான் கட்ட வேண்டும். அதைக் குறிப்பிட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.