வானொலியின் உரப்பு ஏன் மாறுவதில்லை?

இரவு நேரத்தில் மத்திய அலையில் வானொலி முள்ளை மெல்ல நகர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து ஊர் நிலையமும் கேட்கிறது. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையமும் கேட்கிறது. இரண்டின் உரப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. இதில் என்ன வியப்பு என்கிறீர்களா?

ஏரியலில் தோன்றும் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். அருகிலுள்ள நிலையம் 100 மில்லிவோல்ட் தருவதாகவும், தொலைவிலுள்ளது 10 மைக்ரோவோல்ட் தருவதாகவும் கொள்வோம். முன்னது பின்னதைப் போல் 10,000 மடங்கு. திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், திறனில் வேறுபாடு 10 கோடி மடங்கு! இத்தனை ஏற்றத்தாழ்வை ஒரு சிறு பெட்டி எவ்வாறு சமாளிக்கிறது?

குமிழ் போதாதா?

உரப்பைக் குறைக்கத்தான் குமிழ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அக்குமிழ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஏரியலில் வந்த சைகை முதலில் சில பெருக்கிகளைக் கடக்கிறது. பிறகு ஒரு டையோடு, ஊர்தி அலையிலிருந்து ஒலிச் சைகையைப் பிரித்தெடுக்கிறது. குமிழ் அதற்கும் பின்னால்தான் உள்ளது.

10 மைக்ரோவோல்ட்டை 0.1 வோல்ட்டாக உயர்த்த 10,000 மடங்கு பெருக்கம் தேவை. அதே பெருக்கம் 100 மில்லிவோல்ட்டுக்கும் கிடைத்தால் 1,000 வோல்ட் வரவேண்டும். பெட்டியில் இருப்பதோ சில வோல்ட் மின்கலம்! ஆகவே பெருக்கி திணறி, அலையின் முகடுகளை வெட்டிவிடும். வீச்சுப் பண்பேற்றத்தில் பேச்சும் பாட்டும் அந்த முகடுகளின் ஏற்ற இறக்கத்தில்தான் அடங்கியுள்ளன. வெட்டுப்பட்ட முகட்டைப் பின்னால் உள்ள குமிழால் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் அலைகள் அயனி மண்டலத்தில் திரும்பி, வெவ்வேறு வழிகளில் வந்து சேர்கின்றன. அவை சில நொடிகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில நொடிகள் அழிக்கும். இந்த மங்கலைச் சரிசெய்ய, இரவெல்லாம் குமிழைப் பிடித்துக்கொண்டே உட்கார முடியுமா?

சைகையே காவலாளி

1925-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு வீலர் ஒரு வழி கண்டார். டையோடிலிருந்து ஒலிச் சைகையுடன் ஒரு நேர் மின்னழுத்தமும் வெளிவருகிறது. ஊர்தி அலை வலுவாக இருந்தால் அது மிகும், மெலிந்தால் குறையும். அதைப் பிரித்து, முன்னால் உள்ள பெருக்கிகளுக்கே திருப்பி அனுப்பி, அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்தினால் போதுமல்லவா? வலுவான அலை தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். மெலிந்த அலைக்கு முழுப் பெருக்கமும் கிடைக்கும். இதுவே தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு. 1930-களில் இம்முறை வீட்டு வானொலிகளில் பரவியது.

எவ்வளவு விரைவாக?

நேர் மின்னழுத்தத்தைப் பிரிக்க ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தடை 10,000 ஓம், மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட் எனில், அவற்றின் பெருக்கற்பலனாகிய கால மாறிலி 0.1 நொடி. இந்த அளவு முக்கியமானது. 50 ஹெர்ட்ஸ் மத்தள ஒலியின் ஓர் அலைவுக்கு 0.02 நொடி ஆகிறது. கட்டுப்பாடு அதைவிட விரைந்து செயல்பட்டால், மத்தளத்தின் அதிர்வையே மங்கல் என எண்ணித் தட்டையாக்கிவிடும். சில நொடிகள் தாமதித்தாலோ மங்கலைப் பின்தொடர முடியாது. இசையைவிட மெதுவாக, மங்கலைவிட விரைவாக இயங்க வேண்டும்.

ஒளியிலும் இதே கதை

தொலைக்காட்சியின் ரிமோட், அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அனுப்புகிறது. 10 சென்டிமீட்டரிலிருந்து அழுத்தினாலும், 5 மீட்டரிலிருந்து அழுத்தினாலும் தொலைக்காட்சி கீழ்ப்படிகிறது. தொலைவு 50 மடங்கு. எனவே தலைகீழ் இருமடி விதிப்படி ஒளி ஏறத்தாழ 2,500-இல் ஒரு பங்காகிறது. கண்ணாடி இழையிலும் 50 கிலோமீட்டர் கடப்பதற்குள் ஒளித்திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 100 கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அருகிலிருந்து வரும் ஒளிக்கும் தொலைவிலிருந்து வரும் ஒளிக்கும் ஒரே வகை ஏற்பி ஈடுகொடுக்க வேண்டுமானால், ஒளி டையோடை அடுத்த பெருக்கியிலும் பெருக்கம் தானே மாற வேண்டும்.

செய்து பாருங்கள்

மத்திய அலை வாங்கும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டியில் அருகிலுள்ள நிலையத்தை வைத்து, பெட்டியை மேசைமேல் மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது சைகை மிகவும் குறையும். ஆயினும் பெரும்பாலான கோணங்களில் உரப்பு அவ்வளவாக மாறாது. பெருக்கம் உயர்ந்து ஈடு செய்துவிடுகிறது.

இனி, மெலிந்த நிலையம் ஒன்றை வைத்துச் சுழற்றுங்கள். குரல் அமிழ்ந்து, ‘உஸ்’ என்ற இரைச்சல் எழும். பெருக்கம் அதன் உச்சத்தை எட்டிவிட்டது. இனிச் சைகையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கட்டுப்பாட்டின் எல்லை இதுதான். வந்து சேர்ந்ததை அளவாகக் கொடுக்க அதனால் முடியும்; இரைச்சலில் மூழ்கிப்போனதை மீட்டுத்தர முடியாது.