வலைச் சேவையகத்திற்கு உறுப்புச் சேர்த்தல்

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலப்பது ஓர் அறை; அதனைச் செலுத்துவது மற்றோர் அறை; உலர்த்துவது வேறோர் இடம். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டிருப்பர். ஓரிடத்து நேரும் தீ பிறிதோரிடம் பற்றாமைப் பொருட்டே இவ்வேற்பாடு. வலைச் சேவையகத்திற்குப் புதிய உறுப்பொன்று இயற்றப் புகுவார் இதனை உளங்கொள்ளுதல் நன்று.

வலைப்பக்கம் வேண்டுவார்க்கு அதனை எடுத்தளிக்கும் நிரலே சேவையகமாம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பாச்சி என்னும் சேவையகத்திற்கு ராபர்ட் தாவ் என்பார் வகுத்த அமைப்பின்படி, வந்த வேண்டுகை பல படிகளைக் கடந்து செல்லும். முகவரிக்குரிய கோப்பு யாது, வேண்டுபவர் உரியரோ, அளிக்கும் பொருள் எவ்வகைத்து, அளித்தபின் பதிவு செய்தல் என்பன அப்படிகளிற் சில. ஒவ்வொரு படியிலும் நாம் இயற்றிய மாட்யூல் ஒன்றை நிறுத்தலாம். தன் வேலையாயின் அது செய்து முடிக்கும்; அன்றாயின் மறுத்து அடுத்ததற்கு வழிவிடும். மறுக்கக் கற்பித்தலே முதற்பாடம் என்போம். எல்லாவற்றையும் தானே ஏற்கும் மாட்யூல் ஏனையவற்றைப் பாழாக்கும்.

2002ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு, செல்லும் விடையை இடையில் மாற்றும் வடிகட்டிகளையும் தந்தது. தமிழ் மாணவராகிய நமக்கு இது பெரிதும் பயன்படுவது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்பதிப்புகள் பல, டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் அமைந்தவை. அத்தகைய பக்கங்கள் ஒரு நூலகத்தில் இருப்பின், மூலக்கோப்பைத் தொடாமலே, வேண்டுவார்க்கு யூனிகோடாக மாற்றி அளிக்கும் வடிகட்டி ஒன்றை இயற்றலாம்.

வேலை எளிதன்று. டிஸ்கியில் எழுத்துக்கள் கண்ணுக்குத் தோன்றும் முறையிலே நிற்கும். 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். யூனிகோடிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் வரும். மெய் முன், உயிர் பின் என்னும் நம் இலக்கண நெறியோடு இது பொருந்துவது கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அப்பாச்சி விடையைத் துண்டு துண்டாகவே வடிகட்டியிடம் தரும். ஒரு துண்டின் ஈற்றிலே கொம்பு நின்று, அதற்குரிய மெய் அடுத்த துண்டில் வருமாயின், அக்கொம்பை விடாது கையில் வைத்திருத்தல் வேண்டும். விட்டுவிடின் சொல் சிதையும். அது சோதனையிற் பலகால் தோன்றாது, நீண்ட பக்கத்திலே திடீரெனத் தோன்றும்.

நீளமும் மாறும். டிஸ்கியில் மூன்று பைட்டு கொண்ட 'கொ', யூ.டி.எப்.-8 வடிவில் ஆறு பைட்டாகும். பழைய நீளத்தைத் தலைப்பில் விட்டுவைத்தால் பக்கம் பாதியில் அறுபடும். ஆகலின் அதனை நீக்கிக் குறியேற்றப் பெயரையும் மாற்றுக. சுருக்கும் வடிகட்டி உளதாயின், நம்முடையது அதற்கு முன் நிற்றல் வேண்டும்.

இனி, தீயின் பேச்சு. மாட்யூல் சேவையகத்தின் உள்ளேயே வாழ்வது. தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டால் அதனைத் தாங்கிய செயலாக்கமே மடியும். வேண்டுகை ஒன்றிற்கு ஒரு செயலாக்கம் என நிறுத்தியிருப்பின் அவ்வொன்றே கெடும். தாய்ச் செயலாக்கம் வேறொன்றை எழுப்பும். பல இழைகளை ஒரு செயலாக்கத்துள் அடைத்திருப்பின், அதனுள் இருந்த வேண்டுகைகள் யாவும் ஒருங்கே அழியும். ஆதலால் புதிய மாட்யூலை முதலில் தனித்தனிச் செயலாக்க முறையிலே ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.