312 கிலோமீட்டர் எங்கே போனது?

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், அதாவது ஊரார் வாயில் ஜி.பி. ரோட்டில், சீட் கவர் மாற்றவும் டயர் பார்க்கவும் வந்து நிற்கிற வண்டிகளுக்கு நடுவே மின்சார காரின் பச்சை நம்பர் பிளேட்டும் இப்போது தென்படுகிறது. மின்சார கார் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "வாங்கும்போது 312 ஓடும்னாங்க சார். இப்போ 200 தாண்ட மாட்டேங்குது. பேட்டரி போச்சு."

இதை நம்பி நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே தேய்ந்த பேட்டரியை "எலெக்ட்ரிக்னா அப்படித்தான்" என்று தலையில் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஹூண்டாய் கோனா 2019 ஜூலையில் வந்தது. டாடா நெக்ஸானும் எம்ஜி இசட்எஸ்ஸும் 2020 ஜனவரியில் வந்தன. முதல் தலைமுறை வண்டிகள் கை மாறுகிற வயதுக்கு வந்துவிட்டன. இந்த நேரத்தில் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

"312 ஓடின வண்டி இது"

சாலையில் அந்த வண்டி, அதாவது முதல் நெக்ஸான், 312 ஓடியதே இல்லை. அது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் சான்றிதழ் எண். சோதனைக்கூடத்தில், உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. நெக்ஸானின் முதல் பேட்டரி 30.2 கிலோவாட் மணி. நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் 30.2 யூனிட். அதை வைத்துக்கொண்டு ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றே நம் சாலைகளில் 200, 220 கிலோமீட்டர்தான் கிடைத்தது. விளம்பர எண்ணை முதல் நாள் அளவாக எடுத்துக்கொண்டால், ஒரு செல்கூடத் தேயாத பேட்டரியும் மூன்றில் ஒரு பங்கை இழந்ததாகவே தெரியும்.

அந்த 200-ம் நிலையானது அல்ல. சென்னையில் கார் ஏசி மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் வரை எடுக்கும். மெட்ரோ வேலைக்காக ராயப்பேட்டை ஹைரோடு பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்ட நாட்களின் நெரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் நகர்ந்தால், சக்கரம் சுற்ற இரண்டு யூனிட், ஏசிக்கு ஒன்றரை யூனிட். அதே காரை ஈசிஆரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்கு ஓட்டத்துக்கு ஏழரை யூனிட், ஏசிக்கு அதே ஒன்றரைதான். கணக்குப் போட்டால் 30 யூனிட் பேட்டரி நெரிசலில் 130 கிலோமீட்டருக்கும், ஈசிஆரில் 200-க்கும் வரும். பேட்டரி ஒன்றே, ஆரோக்கியமும் ஒன்றே. பெட்ரோல் காரிலும் ஏசி எரிபொருளைத் தின்னத்தான் செய்கிறது. அங்கே டாங்கை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவதால் நாம் கவனிப்பதில்லை.

டேஷ்போர்டில் தெரிகிற கிலோமீட்டர் எண்ணும் அளவீடு அல்ல, ஊகம். கடந்த சில பயணங்களில் எப்படி ஓட்டினீர்கள் என்பதை வைத்து வண்டி போடுகிற கணக்கு அது. மே மாதம் முழுக்க நகர நெரிசலில் ஓடிய வண்டி குறைத்துக் காட்டும். மார்கழியில் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து பேட்டரியின் ஆயுளை எடை போட முடியாது.

"மூணு வருஷத்துல பேட்டரி போயிடும்"

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சொல்கிறவர்கள்மேல் குறை சொல்ல மனம் வராது. 2008 முதல் 2014 வரை மின்வெட்டில் வாடிய தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஊற்றிக் காப்பாற்றிய அந்த பேட்டரியை மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றவேண்டி வந்தது. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரிலும் இருந்தது அதே ஈய அமில பேட்டரிதான். அதையும் சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டியிருந்தது. அனுபவம் உண்மை, வேதியியல்தான் வேறு. ஈய அமில பேட்டரியை எப்போதும் முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தால்தான் அது நீடிக்கும். லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு சார்ஜில் சும்மா கிடப்பதுதான் வேதனை. இன்வெர்ட்டர் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம் காருக்குக் கெட்ட பழக்கமாகிறது. இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே பல வண்டிகள் பிழைக்கும்.

உண்மையான தேய்வு எவ்வளவு? கனடாவைச் சேர்ந்த ஜியோடாப் நிறுவனம் சுமார் 10,000 மின்சார வண்டிகளின் தரவை ஆராய்ந்து 2024-ல் சொன்ன சராசரி, ஆண்டுக்கு 1.8 சதவீதம். வேறு ஆண்டுகளில் அதே நிறுவனம் செய்த ஆய்வில் அது 2.3 சதவீதம். சுமார் இரண்டு என்று வைத்துக்கொண்டால், எட்டு ஆண்டு முடிவில் 84 சதவீதம் மிஞ்சும். சென்னை வெயிலுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டிலேயே நான்கு சதவீதம் குறைந்ததைப் பார்த்து, பத்து ஆண்டில் 40 போய்விடும் என்று பெருக்குகிறவர்கள் உண்டு. அப்படிப் பெருக்கக்கூடாது. புது செல்லின் எதிர்முனையில் லித்தியத்தைச் செலவழித்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. தொடக்கத்தில் வேகமாக வளர்கிற அந்தப் படலமே பிறகு மேற்கொண்டு லித்தியம் வீணாவதைத் தடுக்கிறது. அதனால் முதலில் சட்டென்று இறங்கும், பிறகு பல ஆண்டுகள் மெல்லத்தான் இறங்கும். வாழ்நாளின் கடைசியில் சில செல்கள் மீண்டும் வேகமாகச் சரிவதும் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் மறக்கக் கூடாதது அது.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது ஒத்துவராது"

இந்தப் பேச்சில் பாதி உண்மை. அந்தப் பாதியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2010-ல் வந்த நிஸான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. 2012-ல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன ஊரான ஃபீனிக்ஸில், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத லீஃப்களின் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி சரிந்தது. மறு ஆண்டே நிறுவனம் கொள்ளளவுக்கும் சேர்த்து வாரண்டி தரவேண்டி வந்தது. 2003 மே 31 அன்று 45 டிகிரி கண்ட ஊர் சென்னை. இரவிலும் இங்கே சூடு முழுதாக இறங்குவதில்லை. முன்பு சொன்ன படலம் வளர்கிற வேகத்தைக் கூட்டுவது இந்தச் சூடுதான்.

ஆனால் கோனா, நெக்ஸான் போன்றவற்றில் பேட்டரியைச் சுற்றித் திரவம் ஓடிக் குளிர்விக்கிறது. சில சிறிய, விலை குறைந்த கார்களில் அது இல்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இன்னொன்று, வண்டியை அணைத்து நிறுத்திய பிறகு பெரும்பாலான கார்களில் அந்தக் குளிர்விப்பும் நின்றுவிடும். ஆகவே ஓடும்போது படுகிற சூட்டைவிட, 100 சதவீத சார்ஜோடு தெருவோர வெயிலில் நாள் முழுக்க நிற்பதே கெடுதல். ராயப்பேட்டையின் பழைய சந்துகளில் நிழலான பார்க்கிங் எல்லோருக்கும் வாய்க்காது. சார்ஜையாவது நம் கையில் வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர் காரைப் பாதி சார்ஜில் விட்டுப் போனால் போதும்.

"80-க்கு மேல ஏத்தவே கூடாது"

எந்த பேட்டரி என்பதைப் பொறுத்தது. கோனாவில் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை. அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் அதற்கு நல்லது. நெக்ஸானிலும் மஹிந்திராவின் பிஇ 6-லும் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகையான எல்எஃப்பி. இதை அவ்வப்போது 100 வரை ஏற்றத்தான் வேண்டும். இதன் வோல்டேஜ் வெகுதூரம் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்பதால், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே குழப்பம் வந்துவிடும். முழுதாக ஏற்றினால் கணக்கு நேராகும். "பேட்டரி தேய்ந்துவிட்டது" என்று வருந்திய எல்எஃப்பி வண்டி ஒரு முழு சார்ஜில் பழைய எண்ணுக்குத் திரும்புவது இதனால்தான்.

எல்எஃப்பி நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் டெக்சாஸில் ஆய்வாளர் ஜான் குட்இனஃபோடு சேர்ந்து செய்த ஆய்வுதான் இந்த வகை நேர்மின்வாய்ப் பொருள்களுக்கு வழி திறந்தது. அந்த வழியில்தான் 1997-ல் எல்எஃப்பி உலகுக்கு அறிமுகமானது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். ஜி.பி. ரோட்டில் நிற்கிற பச்சை பிளேட்டுக்கு அடியில் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

ஃபாஸ்ட் சார்ஜிங் பயமும் கொஞ்சம் மிகையானது. 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜரையே எந்நேரமும் நம்பி ஓடுகிற வண்டிகளில் தேய்வு கூடுவது உண்மை. நம் ஊர்ப் பொது சார்ஜர்களில் பல 30, 60 கிலோவாட் அளவே. திருச்சிக்கோ பெங்களூருக்கோ போகும்போது போட்டுக்கொள்வதில் கவலைப்பட ஏதுமில்லை.

"பேட்டரி போச்சு, வண்டி ஸ்டார்ட்டே ஆகலை"

முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா மின்சார காரிலும் விளக்கு, பூட்டு, கணினிக்காக ஒரு சின்ன பேட்டரி தனியாக உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி அசையாது. அதை மாற்ற ஆயிரங்களில்தான் செலவு, லட்சங்களில் அல்ல. பெரிய பேட்டரியிலும் பழுது வந்தால் முழுதையும் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. உள்ளே தனித்தனி மாட்யூல்களாக அடுக்கப்பட்டிருப்பதால், பழுதானதை மட்டும் மாற்ற வாய்ப்பு உண்டு.

பழைய மின்சார கார் வாங்குகிறவருக்குத் தேவை ஓடிய கிலோமீட்டரோ டேஷ்போர்டு ரேஞ்சோ அல்ல. எஸ்ஓஹெச் என்கிற பேட்டரி ஆரோக்கிய சதவீதம். சர்வீஸ் சென்டரில் அதை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், வண்டியை ஒரு டிசி சார்ஜருக்கு ஓட்டிப்போய் 20-லிருந்து 80 சதவீதம் வரை ஏற்றிப் பாருங்கள். 39.2 யூனிட் கோனாவுக்கு அந்த 60 சதவீதம் 23.5 யூனிட். சார்ஜர் பில்லில் 20 யூனிட்டிலேயே 80 வந்துவிட்டால், குறைந்தது 15 சதவீதம் போய்விட்டது என்று தோராயமாகக் கொள்ளலாம். வழியில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

வாரண்டி தாளையும் வரி விடாமல் படியுங்கள். பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. 2022-ல் ஐ.நா. வகுத்த உலகத் தரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை 80 சதவீதம், எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை 70 சதவீதம் நிற்க வேண்டும். இப்போது விளம்பரத்தில் வருகிற "ஆயுட்கால வாரண்டி" முதல் உரிமையாளருக்கானது. இரண்டாம் கைக்கு வரும்போது நிபந்தனை மாறும். 2019-ல் கோனா வாங்கியவர்களுக்கு அந்த எட்டு ஆண்டு 2027 ஜூலையிலிருந்து ஒவ்வொருவராக முடிகிறது. நெக்ஸானுக்கு 2028 தொடக்கத்திலிருந்து. தேதி தாண்டுவதற்குள் எஸ்ஓஹெச்சை அளந்து எழுத்தில் வாங்கி, ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உரிமை கோர வேண்டியது அப்போதே.