அக்கி ஆறிய பிறகும் எரிகிறதா?

"அக்கி போயி நாலு மாசம் ஆச்சுங்க. இன்னும் சட்டை உரசினாலே நெருப்பை அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு." ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் தொழில் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. வலது விலாவில் தழும்பு மட்டும்தான் இருந்தது. வீட்டாருக்கோ, 'புண்தான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன வலி?' என்று சந்தேகம்.

வலி நிஜம்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும் வயதில் ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கிளம்புகிறது. கொப்புளம் உதிர்ந்தாலும், அடிபட்ட நரம்பு தப்புத் தப்பாய்ச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்தில் அக்கி என்றால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். நான் சித்த மருத்துவன். காவியின் குளிர்ச்சியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நரம்புக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்க வேண்டும். 'எழுதினால் போதும்' என்று அந்த மூன்று நாளைக் கோட்டை விடாதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

பெரியவர் அந்த மூன்று நாளைத் தவறவிட்டவர். வலிக்குக் கொடுத்த காபாபென்டின் மாத்திரையில் தலைசுற்றல் வேறு. நரம்புத் தடுப்பு ஊசி பற்றிச் சொன்னதும் பயந்துபோனார்: "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடுமாமே?"

இந்தப் பயம் உங்களுக்கும் இருக்கலாம். இந்த ஊசி நரம்பை அறுப்பதில்லை. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே வகை மரப்பு மருந்துதான். சிலசமயம் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். மயக்க மருந்து நிபுணர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, வலிக்கிற நரம்பின் பக்கத்தில் செலுத்துவார். சில மணி நேரம் மரப்பு; வலி குறைவது சிலருக்கு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில். பலன் தராமலும் போகலாம். மருந்து கசிவு, ரத்தக்கசிவு, விலாப் பகுதியில் நுரையீரலில் ஊசி படுவது போன்ற சிக்கல்கள் உண்டு, ஆனால் அரிது.

நெதர்லாந்தில் சுமார் 600 பேரிடம் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், அக்கி வந்த புதிதில் முதுகில் போட்ட ஒற்றை ஊசி முதல் மாத வலியை ஓரளவு குறைத்தது. பின்னால் நீடிக்கும் நரம்பு வலியைத் தடுக்கவில்லை. ஆகவே இது மாத்திரைக்கு மாற்று அல்ல, துணை.

பெரியவர் ஊசி போட்ட அன்றிரவு சட்டையோடு தூங்கினார். மூன்றாம் வாரம் வலி திரும்பியது, ஆனால் பாதிதான்.

ஊசிக்குப் போகும்போது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் ஸ்டீராய்டு சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சில நாள் சர்க்கரை ஏறும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம்.